குடிக்கூலியும் பெஹாலாவும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். குடிக்கூலிக்கு ஒரு வீட்டை எடுத்துப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர்களுக்கு அது ஒரு பெருங்காரியமாகத் தோன்றியிராது. எந்த மனை யாருடையது, எந்தக் கிணற்றில் நன்னீர் ஊறும், எந்தத் தெருமுனையில் மழைநீர் தேங்கும் என்பவையெல்லாம் ஊரில் வளர்ந்த சிறுவனுக்கும் தெரிந்த செய்திகள். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நமக்கோ அந்த அறிவு கைவருவதில்லை. மொழி புதிது, சட்டம் புதிது, கையொப்பம் இடச் சொல்லி நீட்டும் தாளில் எழுதியிருப்பதும் புதிது. ஆயினும் ஊரைப் பற்றிய பழைய செய்திகளைக் கேட்டறிந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் தாமே புலப்படும். பெஹாலாவின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

கொல்கத்தாவில் தமிழர் என்றவுடன் லேக் மார்க்கெட்டும் ராஷ்பிஹாரி அவென்யூவுமே நினைவுக்கு வரும். காப்பிக் கொட்டையும் வாழையிலையும் கறிவேப்பிலையும் கிடைக்கும் அந்த வட்டாரத்தில் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்கே இடம் கிட்டாதவர்களும், தாராதலா, ஜோகா முதலிய இடங்களில் பணிபுரிவோரும் பெஹாலாப் பக்கம் வீடு தேடுவதுண்டு. மாநகரின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் பெரும் பகுதி அது. புதிய அடுக்குமாடி வீடுகளைப் பார்ப்பவர்கள் இது நேற்று முளைத்த ஊர் என்று கருதக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. கொல்கத்தா மாநகருக்கே அடிப்படையான ஒரு பத்திரம் எழுதப்பட்ட இடம் இந்தப் பெஹாலாவில்தான் இருக்கிறது.

இன்று பெஹாலாவின் ஒரு பகுதியாக விளங்கும் பரிஷா என்னும் ஊரில் சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் ஜமீன்தார்களாக வாழ்ந்து வந்தனர். எட்டுச் சரிவுகளைக் கொண்ட கூரையுடைய ‘ஆட்சாலா’ என்னும் மண்டபம் அவர்களுக்கு உரியது. 1610ஆம் ஆண்டு முதல் அங்கே துர்க்கா பூசை நடைபெற்று வருவதாக அக்குடும்ப மரபு கூறும். பழைய தூண்களை இன்றும் காணலாம். 1698ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், சுதாநூதி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று கிராமங்களைக் குறித்து இக்குடும்பத்தாருக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே ஒரு பத்திரம் நிறைவேறியது. அது கையொப்பமானது இந்த ஆட்சாலாவிலேயே என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கம்பெனியின் சார்பில் நின்றவர் ஜாப் சார்னாக்கின் மருமகனான சார்லஸ் அயர். தொகை 1,300 ரூபாய்.

ஜமீன்தார்கள் மனமுவந்து இதற்கு இசையவில்லை. அந்நாளில் வங்காளத்தின் சுபேதாராக இருந்தவர் ஔரங்கசீப்பின் பேரனான அஸீம்-உஷ்-ஷான். கம்பெனியார் அவருக்கு 16,000 ரூபாய் அளித்து, கிராமங்களைப் பெறுவதற்கான அனுமதியை முன்னதாகவே வாங்கிவிட்டனர். மேலிடத்து அனுமதி வந்த பின்னர் மறுத்து நிற்க ஜமீன்தார்களால் இயலவில்லை. உரியவர்களுக்கு 1,300, அனுமதி தந்தவருக்கு 16,000. வீட்டுக்காரரைவிடத் தரகர் பெரிய தொகை பெறும் வழக்கம் இந்நகரில் நகரைப் போலவே பழையது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பத்திரம் கம்பெனிக்குக் கொடுத்தது என்ன? மண்ணின் முழு உரிமையை அன்று. குடிகளிடம் வரி தண்டும் ஜமீன் உரிமையைத்தான் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கம்பெனி ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,195 ரூபாயை மொகலாயக் கருவூலத்துக்குச் செலுத்தியாக வேண்டும். சுருங்கச் சொன்னால், கம்பெனியும் ஒரு குடிக்கூலிக்காரனாகவே இந்நகரில் கால் வைத்தது. பின்னர் நடந்ததை நாடே அறியும். 1757இல் பிளாசிப் போர் முடிந்ததும், 24 பர்கானாக்களின் ஜமீன் உரிமையை மீர் ஜாபர் கம்பெனிக்குத் தந்தார். 1759இல் அதே நிலத்துக்குக் கம்பெனி செலுத்திவந்த தொகையைக் கிளைவுக்கு ஜாகீராக வழங்கினார். ஆகவே கம்பெனி தன் ஊழியர் ஒருவருக்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ 27,000 பவுன் குடிக்கூலி கட்ட நேர்ந்தது. 1765இல் திவானி உரிமையும் கைக்கு வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1698ஆம் ஆண்டில் நடந்தது விற்பனையா, குத்தகையா என்னும் பேச்சு இன்றும் ஓயவில்லை. ராய் சௌதுரி குடும்பத்தார் அது குத்தகையே என்பர். அக்குடும்ப மன்றத்தார் தொடுத்த வழக்கில், சார்னாக் இந்நகரை நிறுவியவர் அல்லர் என்றும், நகருக்கெனப் பிறந்தநாள் ஒன்று இல்லை என்றும் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பத்திரத்தின் பொருளைப் பற்றி வாதம் நடக்கிறதென்றால், நாம் கையொப்பம் இடும் தாளை எத்துணைக் கருத்துடன் படிக்க வேண்டும்! கொடுப்பவர் யார், கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டா, அவர் கொடுப்பது எது, எவ்வளவு காலத்துக்கு? இந்த நான்கு வினாக்களே வீடு தேடுவோருக்கு முதற்பாடம்.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் நிலத்துக்கு ஒரே உடையவர் இருந்த காலம் அரிது. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின், ஜமீன்தாருக்குக் கீழே பத்னிதார், அவருக்குக் கீழே தர்பத்னிதார் என்று உரிமை படிப்படியாகப் பகுக்கப்பட்டது. நகரிலும் இவ்வழக்கம் வேறொரு வடிவில் தோன்றியது. நிலத்துக்காரர் வெறும் மனையைக் குத்தகைக்கு விடுவார். எடுத்தவர் அதன்மேல் குடிசைகளை எழுப்பி, வேறு பலருக்கு வாடகைக்கு விடுவார். இந்த இடைப்பட்டவருக்கு ‘டிக்கா’ குத்தகைதாரர் என்று பெயர். இவர்களுக்கென 1949ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் டிக்கா நிலங்களை அரசுக்கு உரியனவாக்கிற்று. இன்று நடப்பில் இருப்பது 2001ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே கொல்கத்தாவில் ஒருவர் “இது என் வீடு” என்று சொன்னால், கட்டடம் அவருடையதா, நிலமும் அவருடையதா, அன்றி அவரே ஒரு குடிக்கூலிக்காரரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். இந்நகருக்கு வந்த புதிதில், ஒருவர் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துக் குடிபுகுந்தோம். மாதந்தோறும் வாடகையைத் தவறாமல் பெற்றுக்கொண்டவர் இன்முகத்தவர்; பேச்சில் வல்லவர். ஏழாம் மாதம் முதியவர் ஒருவர் கதவைத் தட்டினார். வீடு தம்முடையது என்றார். நம்மிடம் வாடகை வாங்கி வந்தவர் அவருடைய குடிக்கூலிக்காரரே என்பது அப்போதுதான் விளங்கிற்று. முதியவர் மேல் பிழையில்லை. தம் வீட்டில் அறியாத குடும்பம் ஒன்று இருப்பதைக் கண்டு அவரும் திகைத்தே நின்றார். குழந்தைகளுக்கு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வேளையில் நாம் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. முன்பணம் திரும்பவில்லை. அன்றிரவு மூட்டை கட்டியபோது நம் இல்லத்தரசி, “அந்த மனிதரிடம் மாநகராட்சி வரிச்சீட்டு ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தால் போதுமே” என்றாள். நாம் மறுமொழி கூறவில்லை.

அவள் சொன்னது முற்றிலும் சரி. கொல்கத்தா மாநகராட்சியின் சொத்துவரிச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, மின்கட்டணச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று மூன்றையும் ஒப்புநோக்க வேண்டும். மூன்றும் ஒன்றாயின் நன்று. வேறுபட்டால் காரணம் கேட்க வேண்டும். தந்தை இறந்து பெயர் மாற்றப்படாமல் இருக்கலாம். உடன்பிறந்தார் பலருக்குப் பொதுவாக இருக்கலாம். அவ்வாறாயின் மற்றவர்களுடைய சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். மேற்கு வங்கத்தின் வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துமூலமான முன்சம்மதமின்றி ஒரு குடிக்கூலிக்காரர் மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விடலாகாது.

இனி வாடகைச் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். முதல் உலகப் போருக்குப் பின் கல்கத்தாவில் வாடகை ஏறிற்று. அதனைக் கட்டுப்படுத்த 1920ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சில ஆண்டுகளில் அது காலாவதியாயிற்று. இரண்டாம் உலகப் போர் வந்தது. படைகளும் படைக்கு வேண்டிய பண்டங்களும் நகரை நிறைத்தன. வீடு கிடைப்பது அரிதாயிற்று. 1943இல் மீண்டும் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த 1941 டிசம்பர் மாத வாடகையை அளவுகோலாகக் கொண்டனர். 1947இல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வந்தனர். கல்கத்தாவின் தென்புறமெங்கும் அகதிகள் குடியிருப்புகள் எழுந்தன. ஓர் அறைக்குப் பலர் போட்டியிட்ட அந்நாட்களில், வாடகைக்கு மேல் ‘சேலாமி’ என்னும் பெயரால் பெருந்தொகை கேட்கும் வழக்கம் பரவிற்று. 1950, 1956ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனைத் தடுத்தன. குடிக்கூலிக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடியும் செய்தன.

இந்தக் காவலால் பல குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதற்கொரு மறுபக்கமும் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாடகையே நீடித்த வீடுகளில் உரிமையாளர் செப்பனிடும் பணியைக் கைவிட்டனர். சுவரில் அரசங்கன்று முளைத்தது, மாடப்பலகைகள் உளுத்தன. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பாது என்று அஞ்சி, வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. வாடகை வீடு தேடும் அயலூராரை வீட்டுக்காரர் ஐயத்தோடு நோக்குவதற்கு இந்த அச்சம் ஒரு காரணம். அதனை நம்மேல் கொண்ட வெறுப்பாக எண்ணி நாம் மனம் நோக வேண்டுவதில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2001ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. இதில் நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள், குடியிருக்கும் வீட்டின் மாத வாடகை 6,500 ரூபாய்க்கு மேற்பட்டால், அந்த வீடு இச்சட்டத்தின் காவலுக்குள் வாராது. “வாடகைச் சட்டம் நம்மைக் காக்கும்” என்று நண்பர்கள் சொல்வதை நம்பி, ஒப்பந்தத்தைப் படியாமல் கையொப்பம் இடுவோர் இதை உணர வேண்டும். 6,500 ரூபாய்க்கு உட்பட்ட வீடாயின், வாடகைக்குச் சீட்டுப் பெறும் உரிமை உண்டு. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் பணவிடை மூலம் அனுப்பவும், பின்னர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்தவும் வழி உண்டு. குடிக்கூலிக்காரர் இறந்தால் உடன் வாழ்ந்த வாரிசுகளுக்கு ஐந்தாண்டு மட்டுமே பாதுகாப்பு. அவருடன் வாழ்ந்த, வேறு வீடில்லாத வாழ்க்கைத் துணைக்கு அக்கால வரம்பு இல்லை. அத்தொகைக்கு மேற்பட்டதாயின், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் நாம் எழுதிக்கொண்ட ஒப்பந்தமுமே நமக்குத் துணை.

அந்தப் பழைய சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நலம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரையில், மாதவாடகைக் குடியிருப்பை 15 நாள் அறிவிப்புக் கொடுத்து முடித்துவிடலாம். பதினைந்து நாளில் பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டார் அறிவர். ஆதலால் ஒன்றிரண்டு மாத அறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலன்றிச் செல்லாது. எங்கும் 11 மாத ஒப்பந்தங்களே எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே. 11 மாதம் முடிந்தபின் புதுப்பிப்பது எப்படி, வாடகை எவ்வளவு உயரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வீட்டில் மறைந்திருக்கும் பெருங்குறை ஒன்றை உரிமையாளர் அறிந்திருந்தால் அதை வெளிப்படுத்துவது அவர் கடமை. அவர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை, அறிவித்த பின்பும் உரிய காலத்தில் செய்யாவிடில், குடியிருப்பவர் செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இவையும் அச்சட்டத்தில் உள்ளவையே.

சிலர் ‘வாடகை’ என்று எழுதாமல் ‘அனுமதி’ என்னும் பெயரால் ஒப்பந்தம் எழுதுவர். அனுமதி பெற்றவருக்கு வீட்டின்மேல் உரிமை பிறவாது என்பது அவர்கள் கருத்து. 1959ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு டில்லி ஓட்டலின் அறைகள் பற்றிய வழக்கில் இதை ஆராய்ந்தது. ஆவணத்துக்கு இட்ட பெயரை அன்று, அதன் உட்பொருளையே நோக்க வேண்டும் என்று கூறிற்று. ஆயினும் வழக்காடித்தான் பொருள் காண வேண்டும் என்னும் நிலையை முன்பே தவிர்ப்பது அறிவுடைமை. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகியவர்கள், இங்கே சிறிய தொகை கேட்கப்படுவதைக் கண்டு மகிழ்ந்து, திருப்பித் தரும் நாளையும் கழிக்கத்தக்க செலவுகளையும் எழுதிக்கொள்ள மறந்துவிடுகின்றனர். அது கூடாது.

இதுவரை பத்திரத்தைப் பற்றிப் பேசினோம். இனி மண்ணைப் பற்றிப் பேசுவோம். பெஹாலா ஒரு காலத்தில் குளங்களும் தோப்புகளும் வயல்களும் நிறைந்த ஊர். பேகோர், சுரியால் முதலிய கால்வாய்கள் மழைநீரை வெளியேற்றி வந்தன. இங்கே மாஜேர்ஹாட்டிலிருந்து ஃபல்டாவுக்கு ஒரு குறுகிய இருப்புப்பாதை இருந்தது. 1917இல் தொடங்கிய அந்தச் சிறு ரயில் 1957இல் நின்றது. தண்டவாளம் இருந்த இடத்தில் இன்று ஜேம்ஸ் லாங் சரணி என்னும் சாலை ஓடுகிறது. ‘நீல்தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் சிறை சென்ற பாதிரியாரின் பெயர் அது. சாலை ஒன்று ஏன் நேராக ஓடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு மனை ஏன் தாழ்ந்திருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு.

பல அடுக்குமாடிகள் பழைய குளங்களின் மேல் நிற்கின்றன. 5 கட்டா, அதாவது ஏறத்தாழ 3,600 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலைகளை நிரப்புவதை 1993ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் தடுத்தது. அதற்கு முன் நிரம்பியவை நிரம்பியவையே. பெஹாலா நெடுங்காலம் தெற்குப் புறநகர் நகராட்சியின் ஆளுகையில் இருந்தது. 1984ஆம் ஆண்டில்தான் மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஜோகாப் பகுதி சேர்ந்ததோ 2012ஆம் ஆண்டில். பழைய நகரில் ஆங்கிலேயர் காலத்திலேயே நிலத்தடிச் சாக்கடை அமைந்தது. பெஹாலாவுக்கு அது காலந்தாழ்ந்தே வந்தது. இதனால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்குள்ளும் பெரும் வேறுபாடு உண்டு.

நம் நாட்டுக்காரர் இங்கே தவறுவது பருவத்தில். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அதே மாதங்களில் கொல்கத்தாவில் வானம் தெளிந்து இனிமையாக இருக்கும். இங்கே மழை ஆனி முதல் புரட்டாசி வரை. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி அந்நான்கு மாதங்களில் கொட்டிவிடும். நாம் இரண்டாம் முறை வீடு பார்த்தது தை மாதத்தில். தரைத்தளம், முற்றத்தில் செம்பருத்தி, படியேற வேண்டாத வீடு என்று நம் தாயாருக்குப் பிடித்துப்போயிற்று. ஆடி மாதம் ஓரிரவில் தெருநீர் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. தாயாரைக் கட்டிலில் அமர்த்திவிட்டு, அரிசி மூட்டையையும் புத்தகங்களையும் மேலே ஏற்றினோம். சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த மங்கலான கோட்டை முன்பே பார்த்திருந்தோம். வண்ணத்தின் குறை என்று எண்ணியிருந்தோம். அது முந்தைய ஆண்டு வெள்ளம் வரைந்த கோடு.

ஆகவே உலர்ந்த நாளில் வீடு பார்ப்பவர்கள் சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். அண்டை வீடுகளின் வாயிற்படி புதிதாக உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று காண வேண்டும். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரிடம், “ஆடியில் இங்கே தண்ணீர் எதுவரை வரும்?” என்று கேட்க வேண்டும். “வருமா?” என்று கேட்டால் “வராது” என்பார், “எதுவரை?” என்று கேட்டால் கையால் அளவு காட்டுவார். குடிநீர் மாநகராட்சிக் குழாயினதா, ஆழ்குழாய்க் கிணற்றினதா, ஒரு நாளில் எத்தனை வேளை வரும், மேல்தொட்டிக்கு ஏற்றும் பொறியின் மின்செலவு யாருடையது என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.

கட்டடம் முறையான அனுமதியுடன் எழுந்ததா என்னும் கேள்வி உயிரைப் பற்றியது. பெஹாலாவை அடுத்த கார்டன் ரீச்சில் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், அனுமதியின்றிக் கட்டப்பட்டு வந்த ஐந்து மாடிக் கட்டடம் நள்ளிரவில் அருகிலிருந்த குடிசைகளின்மேல் சரிந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவர்கள் அந்தக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள் அல்லர். பெரும்பாலோர் அதன் அருகே உறங்கியவர்கள். ஆதலால் நாம் குடிபோகும் வீட்டுக்கு மட்டுமன்றி, பக்கத்து மனையில் எழும் கட்டடத்துக்கும் மாநகராட்சி அனுமதி உண்டா என்று வினவுதல் பொருந்தும். வரைபட அனுமதியையும் நிறைவுச் சான்றையும் காட்ட உண்மையான உரிமையாளர் தயங்கமாட்டார்.

மின்சாரத்துக்குத் தனிமானி உண்டா என்றும் பார்க்க வேண்டும். கொல்கத்தாவுக்கு 1899ஆம் ஆண்டு முதல் மின்சாரம் வழங்கி வரும் கம்பெனியே பெஹாலாவுக்கும் வழங்குகிறது. வீட்டுக்காரரின் மானியிலிருந்து கிளை எடுத்து, அவர் சொல்லும் விகிதத்தில் பணம் கேட்பது பலவிடத்துப் பூசலுக்கு வித்து. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி உரிமையாளர் மட்டுமன்றி, குடியிருப்பவரும் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

போக்குவரத்தைக் குறித்தும் பெஹாலா ஒரு பாடம் வைத்திருக்கிறது. இப்பகுதிக்கும் நகருக்கும் இடையே மாஜேர்ஹாட் பாலமே கழுத்துப் போன்றது. 2018 செப்டம்பர் 4ஆம் நாள் அது இடிந்தது. புதிய பாலம் 2020 டிசம்பரில் திறக்கும் வரை, பெஹாலாவாசிகள் சுற்றுவழிகளில் நாள்தோறும் நெடுநேரம் இழந்தனர். ஜோகா வரை ஓடிய டிராமும் மெட்ரோ வேலையின் பொருட்டு நின்றுவிட்டது. ஜோகாவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2022 டிசம்பரில். மாஜேர்ஹாட் வரை நீண்டது 2024 மார்ச்சில். வீட்டிலிருந்து பணியிடத்துக்கு இரு வழிகள் உண்டா என்று பாருங்கள். விளம்பரத்தில் “மெட்ரோ அருகில்” என்றிருந்தால், சக்கேர்பஜாரா, பெஹாலா சௌராஸ்தாவா, எந்த நிலையம் என்று கேட்டு, ஒருமுறை நடந்தே பாருங்கள்.

2011ஆம் ஆண்டு முதல் பெஹாலாவின் காவல் நிலையங்கள் கொல்கத்தாப் போலீசின் ஆளுகையில் உள்ளன. குடிவருவோர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டு மனம் சுருங்க வேண்டாம். கையொப்பமும் முத்திரையும் பெற்ற அந்தப் படி, இன்ன நாள் முதல் இன்ன வீட்டில் இருக்கிறோம் என்பதற்கு நமக்கே ஒரு சான்று. வங்காளி வீட்டுக்காரர் ‘தொக்கின் கோலா’ என்று பெருமையோடு சொன்னால், தெற்குப் பக்கம் திறந்த வீடு என்று பொருள். கிழக்கு நோக்கிய வாயிலைத் தேடும் நம்மவர் அதைப் பொருட்படுத்தார். வைகாசி வெப்பத்தில் கடற்பக்கத்துக் காற்று வருவது அந்தத் தெற்குச் சன்னல் வழியாகத்தான். ஊர்க்காரர் சொல்லுக்கும் செவி கொடுப்பது நல்லது.

மூன்றாம் முறை வீடு எடுத்தபோது நாம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாக விடை சொன்னார். வரிச்சீட்டை எடுத்து வந்து காட்டினார். ஆடி மழைக்குத் தெருவில் கணுக்கால் அளவு நீர் நிற்கும், வீட்டுக்குள் வாராது என்றார். பிறகு தாமும் சில கேள்விகள் கேட்டார். வாடகையை எந்நாளில் தருவோம், ஊருக்குப் போகும் மாதங்களில் சாவி யாரிடம் இருக்கும், சுவரில் ஆணி அடிப்போமா என்று வினவினார். இருவரும் கேட்டு முடித்தபின், ஒப்பந்தம் எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பரிஷாவில் ஆட்சாலாவின் தூண்கள் அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தன. அவ்வாண்டு துர்க்கா பூசைக்கு அவரே நம்மை அங்கு அழைத்துச் சென்று காட்டினார்.